அக்கரை வரை கேட்கும் குரல்

"சாப்பிட்டுட்டு அந்த மாத்திரையைப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

பாத்திமா தண்ணீர்ச் செம்பை எட்டாத இடத்துக்கு நகர்த்தினாள். பிரித்த மாத்திரையும் கையுமாக விழித்தார் லியாகத் அலி. இருபது வருஷம் சவூதி கேம்ப் சாப்பாட்டில் தொற்றிக்கொண்ட நெஞ்செரிச்சல் அது. போன வருஷம் பாபநாசத்துக்கே திரும்பி வந்து, ஜமாஅத் தலைவரும் ஆகிவிட்டார். எரிச்சல் மட்டும் விட்டபாடில்லை.

"பின்ன எப்பப் போடறதாம்?"

"காலையில வெறும் வயித்துல. அரை மணி கழிச்சுத்தான் பசியாறணும். அது அமிலம் சுரக்கறதையே அடக்கற மாத்திரைங்க. மூக்கு முட்டத் தின்னு, எல்லாம் சுரந்ததுக்கப்புறம் போட்டா எப்படிக் கேக்கும்? தின்ன கையோட படுக்கவும் கூடாது. அதுவும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்தான். உங்களை மாதிரி வருஷக்கணக்கா கடையில தானா வாங்கி முழுங்கக் கூடாது. சோறு இறங்காம அடைச்சாலோ, கறுப்பா வெளிக்குப் போனாலோ உடனே..."

"சாப்பிட்ட எடத்துல பேசற பேச்சா இது? யாரு சொன்னா உனக்கு?"

"கும்பகோணத்து டாக்டர்."

"நீ எப்பக் கும்பகோணம் போன?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் பாத்திமா.

அவள் கோபம் மாத்திரைமேல் இல்லை என்பது லியாகத்துக்குத் தெரியும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் உபைதுல்லா, அவள் கூடப்பிறந்த தம்பி. லியாகத் ஊரோடு வந்த நாளாக அவர் காதில் விழுந்ததெல்லாம் மச்சானின் கரகரப்புதான். மைக்கில் தகரத்தைத் தேய்ப்பது போல இருக்கும். ரெண்டு மாதமாக அதுவும் இல்லை, இமாமே பாங்கு சொல்லி ஒப்பேற்றுகிறார். குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் நடவு நடும் பெண்கள் நடுப்பகல் லுஹர் தொழுகைப் பாங்கைக் கேட்டுத்தான் கரையேறிச் சாப்பிடுவார்கள். 'முன்னெல்லாம் இங்க வரைக்கும் கேக்குமே, அந்தக் குரலு எங்க பாய் போச்சு?' என்று அவர்களே கேட்டுவிட்டார்கள்.

"நான் என்ன பண்ணுவேன் பாத்திமா? மச்சான்னு பார்த்தா ஜமாஅத்துல மானம் போயிடும். மோதினாருக்குக் குரல்தானே சோறு. இன்னைக்கு நீடாமங்கலத்துலேருந்து சலாஹுதீன்னு ஒரு பையன் வர்றான். லுஹர் பாங்கு அவன்தான் சொல்லப்போறான். அக்கரை வரைக்கும் கேட்டா அவனுக்கே வேலை."

"அக்கரை வரைக்கும் கேட்டா, யாரா இருந்தாலும் வேலைதானே?" உள்ளிருந்து கேட்டாள் பாத்திமா.

"அல்லா அறிய, ஆமா!"

அந்த நேரம் பார்த்துப் பாங்கு எழுந்தது.

லியாகத் மாத்திரையும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டார். கணீரென்ற குரல் தென்னந்தோப்பைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பச்சை வயல் முழுக்கப் பரவியது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கரையில் குனிந்திருந்த பெண்கள் நாற்றுமுடியோடு அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். பாங்கு முடிந்ததும் ஒருத்தி குலவையிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பாத்தியா! வந்த அன்னைக்கே குலவை! இவன்தான் இனிமே நம்ம மோதினார். பேச்சே கிடையாது!"

பாத்திமா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், தம்பிக்காக அழுகிறாள் என்று லியாகத்துக்கு மனசு கனத்தது.

செல்போன் அடித்தது.

"பாய், சலாஹுதீன் பேசறேன். மன்னிச்சுக்குங்க, நீடாமங்கலம் ரயில்வே கேட்டுலயே பஸ் நிக்குது. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வந்து பாங்கு சொல்லட்டுங்களா?"

லியாகத் பள்ளிவாசல் பக்கம் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "அப்ப... இப்பச் சொன்னது யாரு?"

"என் தம்பிதான். வயித்து அமிலம் தொண்டை வரைக்கும் ஏறிச் சுட்டதுலதான் குரல் கட்டியிருந்துச்சு. நான்தான் கும்பகோணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்." பாத்திமா அழுகையோடு சிரித்தாள். "உங்க கையில இருக்கே, அதே மாத்திரைதாங்க. அவன் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டான்!"