நேற்று பறக்கக் கூடாத விமானம்

விமானச் சக்கரத்தைத் தாங்கும் காலில் விரிசலைக் கண்டதும், அந்த விமானம் பறக்கக் கூடாதென்று அரசின் விமானப் பாதுகாப்பு அதிகாரியான அவள் தடை போட்டுவிட்டாள். விமானக் கம்பெனி மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"மயிரிழை விரிசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உங்க டைரக்டர்கிட்டயே பேசிக்கிறேன்!"

கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னாலும் டைரக்டர் தலையாட்டுவார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று அவரே ஓடிவந்து விரிசலைப் பார்த்தார், முகம் வெளிறிப்போனது.

"உயிரோட விளையாடுறீங்களா? இது இங்கேருந்து நகரக் கூடாது!" என்று மேலாளரிடம் சீறினார். பயணிகள் வேறு விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். மனுஷரைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை டைரக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தடையை எடுத்துடும்மா. கம்பெனிக்காரங்க நச்சரிக்கிறாங்க."

"விரிசலைச் சரி பண்ணிட்டாங்களா சார்?"

"அதை அடுத்த மாசம் பாத்துக்குவாங்க."

"நேத்து நீங்கதானே சார் நகரக் கூடாதுன்னு சொன்னீங்க?"

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நேத்து அதுல என் பொண்ணு ஏற இருந்தாம்மா. இப்ப பத்திரமாப் போய்ச் சேந்துட்டா."

அவள் "முடியாது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.