கால்வாசிக் கோடு

மேஸ்திரி அந்தோணிதாசுக்கு நான் திருப்பித் தரவேண்டிய முன்பணம் நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டப் போன பன்னிரண்டு பேரில், ஐம்பது வயதில் எழுத்துப் படித்த மேதை நான் ஒருவன்தான். அதனால் நோட்டு என்னிடம் வந்தது.

"அவங்கவங்க வெட்டுன கட்ட, கம்மியிலேருந்து ஜாஸ்திக்கு வரிசையா எழுதுய்யா. கீழேருந்து கால்வாசிப் பேர எண்ணு. அந்தக் கடைசி ஆளோட கட்டுதான் கோடு. இன்னா யோசிச்சிக்கினு கீற?" என்றார் மேஸ்திரி.

பன்னிரண்டில் கால்வாசி மூன்று. மூன்றாவது ஆள் நான், முந்நூற்றுப் பத்துக் கட்டு. நாலாவது சாலம்மாள், முந்நூற்றுப் பதினைந்து.

கோட்டிலோ அதற்குக் கீழோ இருப்பவனுக்கு வேலை போகும், இதுகூடவா தெரியாது எனக்கு? என் பத்தை இருபதாக்கினேன். சாலம்மாள் மூன்றாவதாக இறங்கினாள்.

மேஸ்திரி எல்லார் முன்னாலும் நோட்டைப் பார்த்தார். "கோடு முந்நூத்திப் பதினஞ்சா? அதுவரைக்கும் கீற மூணு பேரு முன்பணத்த மொதலாளி தள்ளுபடி பண்ணிட்டாரு. சாலம்மா, நீ ஒண்ணும் தரவாணாம்."

"எழுதின கை நல்லா இருக்கணும்ண்ணா!" என்று சாலம்மாள் என்னைக் கும்பிட்டாள்.

அந்தக் கையால்தான் இன்னும் இரண்டு மாதம் கரும்பு வெட்டி, என் கடனைக் கழித்தேன்.