கல்லறைப் பாட்டு

"இன்னிக்கு அந்தக் கல்லறைப் பாட்டைப் பாட மாட்டேன். வேணும்னா நீயே மேடையேறிப் பாடிக்கோ!" என்றான் லோர்கன்.

"நான் பாடினா போலீஸ் வரும்" என்றாள் நூலா, சட்டைகளை மடித்துக்கொண்டே.

ஃப்ரீமேண்டில் துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடையில் ஞாயிறு மதியக் கச்சேரி. இடைவேளை. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து ஆஸ்திரேலியா வந்த லோர்கனுக்குப் பின்னால் எந்த இசைக் கம்பெனியும் கிடையாது. பாட்டு எழுதுவது, பாடுவது, பதிவு செய்வது எல்லாம் அவனேதான். வேன் ஓட்டுவதும், வாசலோரம் மேஜை போட்டு அவன் படம் போட்ட சட்டையும் இசைத்தட்டும் விற்பதும் நூலா.

"மேடைக்கு மேடை பாட்டுல வர்ற அந்தம்மாவைப் புதைக்க என்னால முடியல. மனசு உறுத்துது."

"நீ புதைச்சாத்தான்டா சட்டை விக்குது!"

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது" என்று முறைத்துவிட்டு மேடையேறினான்.

உருளைக்கிழங்கு வறுவலைத் திருடும் கடற்புறாவைப் பற்றிப் புதுப் பாட்டு ஒன்று பாடினான். முடிந்ததும் ஒருவர் மட்டும் இருமினார்.

"தம்பி, அந்த அம்மா பாட்டைப் பாடுப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

லோர்கன் பரிதாபமாக நூலாவைப் பார்த்தான். அவள் மண்வெட்டியால் குழி தோண்டுவதுபோல் சைகை காட்டினாள்.

வேறு வழியில்லாமல் பாடினான். அம்மா போய்விட்டாள், மழையில் புதைத்தார்கள், ஒரு பிடி மண் போடக்கூட மகன் அங்கே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் முரட்டு ஆசாமி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நூலா வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள்.

அழுதுகொண்டே மேஜைக்கு வந்த கிளெண்டா என்ற ரசிகைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே அழுவுது, நீங்க கொட்டாவி விடுறீங்களே!"

"பழகிடுச்சும்மா. சட்டை என்ன அளவு?"

"அவங்கம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ம்... கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா நல்ல அழகி."

கிளெண்டா சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கச்சேரி முடிகிற நேரத்துக்கு ஒரு பெரிய ரோஜாக் கொத்தோடு திரும்பி வந்து, அதை லோர்கன் கையில் திணித்தாள். "உங்கம்மாவுக்குத்தான். கல்லறை தூரத்துல இருக்கு, அவங்க படத்துக்கு முன்னாடியாவது வைங்க" என்று விம்மிவிட்டுப் போனாள்.

காது சிவக்க நின்ற லோர்கன், அவள் தலை மறைந்ததும் பூங்கொத்தை மேஜைமேல் வைத்தான். "இந்தா. உனக்குத்தான்."

நூலா முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"மறுபடியும் ரோஜாவா? அடுத்த தடவை பெத்தவளைப் புதைக்கிறப்போ, அவளுக்கு லில்லிதான் பிடிக்கும்னு ஒரு வரி சேர்த்துப் பாடுடா, மகனே!"