வாழ்த்துக் குற்றம்

மீன்பிடி உரிமத்தைப் பறித்தவர்களை நினைத்து, "நாசமாப் போவானுவ" என்று கஸ்பார் தன் வீட்டுக்குள்தான் முணுமுணுத்தான். சுவரில் பதித்திருந்த அரசாங்கக் காது சிவப்பாக எரிந்தது. ராஜதுரோகம் என்று அவனைப் பிடித்துப் போனார்கள்.

அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. திட்டினால் அவளும் உள்ளே போகவேண்டியதுதான். சுவரை ஏறிட்டுப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லா இருங்கய்யா! பிள்ளகுட்டியோட நல்லா இருங்க!"

காது பச்சையாக எரிந்தது.

சேதி பரவியது. கடற்கரைத் தெரு முழுக்கக் காலையும் மாலையும் சுவரைப் பார்த்து அதையே சொன்னது. நாட்டிலேயே விசுவாசமான தெரு என்று அரசாங்கம் விருது அறிவித்தது. கொடுக்க அமைச்சரே வந்தார்.

மேடையேறிய ஜெசிந்தா கேடயத்தைத் தொடவில்லை. அமைச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எம் புருசன உள்ள வச்சிட்டு நீங்க நல்லா இருங்கய்யா!"

கீழே நின்ற ஊர் மொத்தமும் அதே குரலில், "நல்லா இருங்கய்யா!" என்றது. மேடைக் காதுகள் பச்சைப் பசேலென்று எரிந்தன.

அமைச்சரும் தமிழ் கேட்டு வளர்ந்தவர்தானே. "எல்லாரையும் பிடிங்கய்யா!" என்று கத்தினார்.

போலீஸ் அதிகாரி பணிவாகக் குனிந்தார். "பிடிச்சிரலாம்யா. என்ன குத்தம்னு எழுதுறது? உங்கள நல்லா இருக்கச் சொன்னாங்கன்னா?"

கஸ்பாரை விடுவிக்க அமைச்சர் கையெழுத்துப் போடும்வரை, ஊர் வாழ்த்துவதை நிறுத்தவே இல்லை.