எட்டு வெள்ளைப் பொட்டு

டக்.

பானெட்டுக்குள் குனிந்திருந்த ஐந்து தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

டக். டக்.

"டாப்பெட்டுங்க. மேல இருக்கற சின்னச் சாமான்தான். கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்," என்றார் நூற்பாலைக்காரர். கண்ணை மூடியும் காட்டினார்.

பல் டாக்டர் காரிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்து இன்ஜினின் நெஞ்சில் வைத்தார்.

"ஏனுங்க டாக்டர், பல்லுக்கெல்லாம் இத வெச்சா பாக்கறீங்க?"

டாக்டர் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். இன்ஜின் மட்டும் அடங்கவில்லை.

ஐவரில் ஒருவர் பானெட்டை விட்டு நிமிர்ந்தார்.

வண்டி அவருடையது. வாரத்தில் ஆறு நாள் கிரைண்டர் கம்பெனி முதலாளி. ஞாயிறு மட்டும் இன்ஜின் மேதை. இந்த இன்ஜினை வீட்டு ஷெட்டில் தானே பிரித்து, தானே பூட்டினார். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு படம் எடுத்து கார் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மெக்கானிக் கை படாத வண்டி என்று பின்கண்ணாடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருந்தார்.

கோவையைத் தாண்டி ஒரு ரேஸ் டிராக். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் இதை ஓட்டப்போவது அவர் மகள் தாரணி. மூன்று சுற்று. முதல் போட்டி.

காலையில் ஸ்டார்ட் செய்தபோது இந்தச் சத்தம் இல்லை. இன்ஜின் சூடானதும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடியது.

டாப்பெட் இப்படித் தட்டாது. அது அவருக்குத் தெரியும்.

"உள்ள ராட் போல்ட் ஏதாச்சும் லூஸா இருக்குமோ?" என்று ஒரு புது உறுப்பினர் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"தம்பி அந்தப் போட்டோவப் பாக்கலியாட்டருக்குது."

அந்தப் படம். பிஸ்டன் ராடுகளைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட், எட்டு வெள்ளைப் பொட்டு. அளவு பார்த்து இறுக்கி முடித்த போல்ட்டுக்கு அடையாளமாக பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்கள். முடித்த பிறகு. கிளப் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சால்வையோடு கொடுத்தது. அவர் ஆபீஸில் குலதெய்வத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

அதை எடுத்த விதம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு ஷெட் ஜன்னல் வழியாக அருமையான வெளிச்சம். கால் மணி நேரத்தில் போய்விடும். அதனால் பொட்டை முதலில் வைத்தார். எட்டுக்கும். படம் எடுத்துப் போட்டார்.

அப்புறம்தான், அளவு பார்த்து இறுக்கும் புது டார்க் ரெஞ்சின் சிவப்புப் பெட்டியை டேப் பிரித்துத் திறந்தார்.

ஒரு போல்ட். இரண்டு. மூன்று.

போன் துடிக்க ஆரம்பித்தது. வாழ்த்துகள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். மலேசியாவிலிருந்து ஒருத்தர் கைகூப்பியிருந்தார். அவருக்குத் தனியாக ஒரு கைகூப்பு.

திரும்பி வந்து குனிந்தார். எதுவரைக்கும் இறுக்கினோம்?

பொட்டைப் பார்த்தார்.

எட்டிலும் இருந்தது.

இறுக்கித்தான் இருப்போம் என்று பட்டது. நானூறு பேர் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மூடிவிட்டார்.

ஒரே ஒரு போல்ட் கழன்றால் போதும். நூற்று நாற்பதில் போகும்போது ராட் இன்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சுடச்சுட ஆயில் டயருக்கு அடியில் ஊற்றும். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்பதற்கு முன்னால் நினைப்பை நிறுத்திக்கொண்டார்.

சொல்லிவிடலாம். இறுக்கினேனா என்று தெரியவில்லை. மூன்றே வார்த்தை.

சுற்றிலும் பார்த்தார். எல்லார் கையிலும் போன். எல்லாப் போனும் வண்டியைப் பார்த்து.

"முடிஞ்சுதாப்பா உங்க கச்சேரி?"

தாரணி ஹெல்மெட்டோடு வந்தாள். உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"டாப்பெட்டுன்னா பரவால்ல, பாத்துக்கலாம். போல்ட்டப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. என் போன்ல வால்பேப்பரே அதுதான்."

அவர் ஜன்னலுக்குள் கையை விட்டார். சாவியைத் திருகி உருவினார்.

சத்தம் நின்றது.

"எறங்கு கண்ணு."

"ஏன்ப்பா?"

டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். நூற்பாலைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"உனக்கு இன்னும் கை பழகல," என்றார் அவர். எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த வண்டி உனக்கு அடங்காது."

நாலு மாதம், சனிக்கிழமை தவறாமல் பழகியிருந்தாள். ஸ்டாப்வாட்ச் பிடித்ததே அவர்தான்.

அவள் பெல்ட்டை அவிழ்த்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

"அதுவும் செரிதானுங்க. பொம்பளப் புள்ள, எதுக்கு வம்பு?" என்றார் நூற்பாலைக்காரர்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆமாம் என்று தலையாட்டினார். வேறெப்படி ஆட்டுவது என்று தெரியவில்லை.

அவள் நடந்தாள். பத்தடி போயிருப்பாள்.

"அப்பச் சாவிய இப்படிக் குடுங்க." டாக்டர் கையை நீட்டினார். "நான் மூணு ரவுண்டு போறேன். இருவது வருசத்துக் கை."

அவர் சாவியைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"வேண்டாங்க டாக்டர்."

"ஏனுங்க, என் கையும் பழகலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

பத்தடி தள்ளி, தாரணி நின்றுவிட்டாள். திரும்பவில்லை. ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். போனை எடுத்தாள். இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.

நடுவில் அல்ல. ஓரத்தில், மூலையில்.

இங்கிருந்து திரை தெரியவில்லை. அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. ஆபீஸில் தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

சிவப்புப் பெட்டி. டேப் பிரிக்காமல்.

அவள் விரல்கள் இன்னும் விரித்துக்கொண்டிருந்தன.