மேட்டுக் கொட்டகையில் பிறந்தவள்

கஞ்சிங் மேடு தொடங்கும் இடத்தில் நவமணி சைக்கிளை விட்டு இறங்கினாள். இனி மிதிக்க முடியாது.

விடியுமுன் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஏறியவள். ரவாங் தாண்டும்போதே தொடை இரண்டும் கழன்றுவிட்டன. சைக்கிளைச் சீனர் கடை ஓரமாகப் பூட்டிவிட்டு, ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே மேலேறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள்.

பஸ்ஸில் வந்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து ஆட்கள் பத்துமலைக்கு நடந்துபோன பாதை எது, ராத்தங்கல் எங்கே, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வரவேண்டியிருந்தது. அந்த இடங்களில் பஸ் நிற்காது.

இது மூன்றாவது ஞாயிறு. கேட்ட இடமெல்லாம் ஒரே பெயர்தான் சொன்னார்கள். மேட்டுக் கொட்டகை வேலம்மா.

நவமணியின் அம்மா வள்ளியம்மா இந்தப் பாதையில்தான் பிறந்தாள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், நிறைமாத வயிற்றோடு பால்குட நேர்த்திக்கடனுக்கு நடந்த ஒருத்திக்கு, ராத்தங்கும் கொட்டகையில் படுத்திருந்தபோது வலி கண்டது.

'பிறந்த இடத்தில் போய்ப் பிறப்பைப் பதி' என்றார் அவள் வேலை செய்த தோட்டத்து எழுத்தரான கிராணி. 'இது எங்கள் ஆள் இல்லை' என்றார் மேட்டுத் தோட்டத்துக் கிராணி. பால்மரம் வெட்டுகிறவள் இரண்டு கிராணிகளோடு மல்லுக்கு நிற்பாளா? தீட்டோடு படியேறக் கூடாதென்று அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டு, பிள்ளைக்கு வள்ளி என்று பெயரும் வைத்தாயிற்று. முருகனுக்கே தெரிந்த பிள்ளை. அதற்குமேல் என்ன பதிவு என்று இருந்துவிட்டாள்.

முருகன் எந்தக் காரியாலயத்துக்கும் சாட்சி சொல்ல வருவதில்லை.

வள்ளியம்மா கையில் இன்றும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. பிறந்த மண்ணில் புல் வெட்ட ஆண்டுதோறும் பெர்மிட். இந்த ஆண்டு அதையும் நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதமாக லயத்து வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே சுவரில், கறுப்பு அங்கி போட்ட மகளின் படம். தோட்டத்திலேயே முதல் பட்டதாரி. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துத் தரையில் அடிக்கலாமா என்றிருக்கும் நவமணிக்கு.

பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் குடிமக்களின் நீல அட்டை கிடைக்க வேறு வழி இல்லை.

கொட்டகை இன்னும் நின்றது. துருப்பிடித்த தகரக் கூரையின் கீழே ஒருத்தி வெட்டுக்கத்தியால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. கை மட்டும் தளரவில்லை.

"யாரது? தைப்பூசம் முடிஞ்சி மூணு மாசமாச்சி. நீ மட்டும் முருகனத் தனியா பாக்கப் போறியா?"

நவமணி சிரிக்கவில்லை. வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னாள்.

வேலம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "இரு லா. சப்பான்காரன் வர்றதுக்கு முந்துன தைப்பூசம். பெர்ஜுந்தாய்க்காரி. இடுப்பு வலி வந்தும் கொடத்தக் கீழ வைக்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணுனாளே, அவளா?"

நவமணி வேகமாகத் தலையாட்டினாள். குடத்துக் கதையை அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

"எங்காத்தாதான் பிரசவம் பாத்தா. அந்த மஞ்சத்துணி கட்டுன வெறுங்கொடத்த வாங்கி, புள்ள தல வெளிய வர்றவரைக்கும் என் தலையில வச்சிக்கிட்டு நின்னேன். கழுத்து போச்சி. மறுநாளே புள்ளைய மாரோட கட்டிக்கிட்டு நடந்துட்டா. நில்லுடின்னா நிக்கல. ஒன்னப் பாத்தாலும் நிக்கிற சாதியாத் தெரியல."

இப்போது நவமணி சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு, ஒரு சொல் விடாமல் எழுதினாள். மலாயில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். வேலம்மா கண்ணை மூடிக் கேட்டு, ஒரு இடத்தில் மட்டும் தடுத்தாள். "தோட்டத்து ரெண்டாஞ் சங்கு ஊதுறதுக்கு முன்னன்னு போடு. பொய்யி வரக்கூடாது."

போட்டாள்.

வேலம்மா எதிரே உட்கார்ந்து, நவமணி நீட்டிய மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தித் தேய்த்து, எங்கே வைப்பது என்று காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கொஞ்சம் இருங்க பாட்டி, அட்ட நம்பர எழுதிக்கிறேன்."

வேலம்மா இடது கையால் இடுப்புச் சுருக்கைத் தளர்த்தி, பிளாஸ்டிக் தாளில் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

சிவப்பு.

படிவத்தின் கடைசி வரியை நவமணி படித்தாள். சாட்சி இந்நாட்டுக் குடிமகனாக இருத்தல் வேண்டும். மனப்பாடமான வரிதான். மூன்று ஞாயிறும் வழியெல்லாம், பார்த்தவர் யார் என்று கேட்டாளே தவிர, பார்த்தவர் கையில் என்ன அட்டை என்று ஓரிடத்திலும் கேட்கத் தோன்றவில்லை.

"என்னா, எழுத்து தெரியலியா? படிச்ச பொண்ணுங்கிற."

காற்றில் பிடித்த பெருவிரல் இன்னும் அப்படியே இருந்தது.

"பாட்டி, நீங்க எங்க பொறந்தீங்க?"

"நானா? எங்காத்தாளும் சாமிக்கு நடந்து வந்தவதான். என்னப் பெத்துப்போட்டு இங்கியே தங்கிட்டா. பாத்தவங்க ஒருத்தரும் இப்ப இல்ல."

எந்த இடம் என்று காட்ட, வேலம்மா குனிந்து தரையில் விரலை ஊன்றினாள்.

சிமெண்டில் நீலமாக ரேகை விழுந்தது.