பசை நோட்டு

“ரெண்டு மாசம் லீவா? இன்னாம்மா, ஜெர்மனியில ஷூ ஒட்ட ஆள் இல்லையா?”

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசைப் பிரிவுக்குத் தனசேகர்தான் சூப்பர்வைசர். எதிரே, ஷூவின் அடிப்பாகத்துக்குப் பசை தடவும் பரிமளா நின்றாள்.

“வெயிலு, பருவநிலை பத்தி எழுதற பத்திரிகைக்காரங்களுக்கு ஃபெலோஷிப் சார். பத்து நாட்டுலேர்ந்து வர்றாங்க. நீங்க இன்னிக்கு லீவு குடுக்கலன்னா என் எடம் போய்டும்.”

“பத்திரிகைக்காரங்க போற எடத்துல உனக்கு இன்னா வேலை? டீ ஊத்தப் போறியா?”

பரிமளா அழைப்புக் கடிதத்தை நீட்டினாள். அவளைத் தேர்ந்தெடுக்கக் காரணமான கட்டுரையின் பெயர் அதில் இருந்தது: ‘தகரக் கூரைக்குக் கீழே.’ போன வருடம் புனைபெயரில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் ஷெட் முழுக்க ஃபேன் மாட்டினார்கள்.

“அத எழுதனது நீயா! உள்ள நாப்பத்திரண்டு டிகிரின்னு போட்டிருந்தியே, மொதலாளியால கூட மறுக்க முடியல. அந்தக் கணக்க யார் குடுத்தா?”

“நீங்கதான் சார். சூட்டுல பசை கெட்டுடக் கூடாதுன்னு மணிக்கொரு தபா டிகிரி பாத்து எழுதி, கையெழுத்துப் போடறீங்களே, அந்த நோட்டு.”

தனசேகர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனையே பார்த்தார். பிறகு லீவுத் தாளில் கையெழுத்திட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அங்க பேசும்போது, அந்த நோட்டு எழுதனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்றியாம்மா?”